உருகிய உப்பில் பிரியும் யுரேனியம்

கொல்லிமலையின் உச்சிச் சமவெளிகளில் பாக்சைட் நிலத்தின் மேல்மட்டத்திலேயே கிடந்தது. 1960-களில் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, ஊரார் வாயில் 'மால்கோ', சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அதை வெட்டியெடுத்து லாரிகளில் இறக்கியது. பாக்சைட்டை எரிசோடாவில் கரைத்து அலுமினாவாக்கி, அந்த அலுமினாவை 950 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிக் கிடக்கும் கிரையோலைட் உப்பில் போட்டு, மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரித்தார்கள். 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியே கண்டறிந்த முறை அது. தண்ணீரில் கரைத்து மின்னாற்பகுத்தால் அலுமினியம் வராது, ஹைட்ரஜன்தான் வரும். தண்ணீரே இல்லாத உருகிய உப்பில் அந்த உலோகம் எதிர்மின்வாயில் வந்து சேரும்.

மால்கோவின் உருக்காலை 2008-ல் நின்றது. உலோகம் பாத்திரமாகவும் கம்பியாகவும் எங்கெங்கோ போய்விட்டது. மலையில் வெட்டிய இடங்களும் மேட்டூரில் குவிந்த சிவப்புச் சேறும் அங்கேயே இருக்கின்றன. ஒரு டன் அலுமினா எடுத்தால் ஒரு டன்னுக்குக் குறையாமல் சேறு மிஞ்சும். அது மின்பகுப்புக்கு முந்தைய கட்டத்தில் வருவதுதான். ஆனாலும் உலோகத்தின் விலையில் அந்தச் சேற்றின் கணக்கு ஒருநாளும் சேர்ந்ததில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஹால், எரூ முறையின் நெருங்கிய உறவான இன்னொரு உருகிய உப்பு மின்பகுப்பு, அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைப் பிரிக்கும் வழியாக உலகின் சில ஆய்வகங்களில் அறுபது ஆண்டுகளாக வளர்ந்துவருகிறது. அவற்றில் ஒன்று கல்பாக்கத்தில் இருக்கிறது. இந்தத் துறையில் எழுதப்படுவன பெரும்பாலும் எவ்வளவு யுரேனியம் மீண்டது, எவ்வளவு புளூட்டோனியம் மீண்டது என்றே பேசுகின்றன. உப்பில் மிஞ்சுவது என்ன ஆகிறது என்பதையே முதல் அளவுகோலாக வைத்து இந்த முறையை எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

எரிந்து முடிந்த எரிபொருள் என்கிறோமே தவிர, அதில் பெரும்பகுதி எரியாத யுரேனியம்தான். சாதாரண நீர் உலைகளின் எரிபொருளில் ஏறத்தாழ 95 சதவீதம் யுரேனியம், 1 சதவீதம் புளூட்டோனியம். மீதியில் பெரும்பங்கு சீசியம், ஸ்ட்ரான்சியம், மாலிப்டினம், ருத்தேனியம், அருமண் உலோகங்கள் என்று நாற்பதுக்கு நெருங்கிய தனிமங்களாகச் சிதறிய பிளவுப் பொருட்கள். கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலைகள் செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தை எரிப்பதால் அவற்றின் எரிபொருளில் புளூட்டோனியம் அரை சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சிறு பங்கைச் சேர்த்துச் சேர்த்து, எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனும் ஈனுலைகளில் பெருக்கி, கடைசியில் மணவாளக்குறிச்சி முதல் கேரளம், ஒடிசா வரையிலான கடற்கரை மணலிலுள்ள தோரியத்துக்குப் போவது என்பது ஹோமி பாபா 1950-களில் வகுத்த மூன்று கட்டத் திட்டம். அந்தத் திட்டத்தில் எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை அணு உலைக்குச் சமமான இடத்தில் நிற்கிறது.

இன்றுவரை உலகில் வணிக அளவில் நடப்பது ஈர முறை. எரிபொருளைத் துண்டுபோட்டு நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானால் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் உறிஞ்சி எடுப்பார்கள். பியூரெக்ஸ் என்பது இதன் பெயர். டிராம்பேயில் 1964-லேயே நாம் இதைச் செய்துவிட்டோம். பின்பு தாராப்பூரில் ஓர் ஆலை, 1990-களின் இறுதியில் கல்பாக்கத்தில் ஆண்டுக்கு 100 டன் திறனுள்ள இன்னொன்று.

இந்த ஈர முறைக்குள்ளேயே மின்வேதியியல் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க, புளூட்டோனியத்தை நான்கு மின்னேற்ற நிலையிலிருந்து மூன்றுக்கு இறக்க வேண்டும். அப்போது அது கரைப்பானை விட்டு அமிலத்துக்குத் திரும்பிவிடும். இரும்புச் சேர்மம் போட்டு இறக்கினால் கழிவில் இரும்பு சேரும், கழிவின் அளவு கூடும். அதற்குப் பதிலாக யுரேனியத்தையே மின்கலத்தில் ஆறிலிருந்து நான்குக்கு இறக்கி, அந்த யுரேனியத்தைக் கொண்டு புளூட்டோனியத்தை இறக்குகிறார்கள். கழிவில் தங்கும் வேறு உலோகம் எதுவும் வெளியிலிருந்து சேர்வதில்லை. நம் ஆலைகளும் இந்த வழியைக் கைக்கொண்டவை. இத்தகைய மின்கலங்களில் அமிலம் அரிக்காத டைட்டானிய மின்வாய்கள் வேண்டும். குளோரின், எரிசோடாத் தொழிலுக்காக அந்த வகை மின்வாய்களை இந்நாட்டில் வளர்த்தெடுத்தது காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. ஊரார் சொல்லும் 'சிக்ரி'.

கல்பாக்கத்துக்கு என்றே வந்த ஒரு சிக்கலும் உண்டு. 1985 அக்டோபரில் தொடர்வினை எட்டிய சோதனை ஈனுலையான எஃப்.பி.டி.ஆர்., யுரேனியம், புளூட்டோனியம் கலந்த கார்பைடு எரிபொருளில் ஓடுவது. கார்பைடை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் அதிலுள்ள கரி முழுவதும் வாயுவாகப் போகாது. ஆக்சாலிக் அமிலம், மெல்லிட்டிக் அமிலம் போன்ற கரிமப் பொருட்களாக மாறி, புளூட்டோனியத்தைப் பற்றிக்கொண்டு பிரிப்பைக் கெடுக்கும். கரைக்கும்போதே மின்சாரம் செலுத்தி ஆக்சிஜனேற்றம் செய்தால் அவற்றை அழிக்கலாம் என்பதால் மின்கரைப்பு முறையை இங்கே ஆராய்ந்தார்கள். 2003-ல் இயங்கத் தொடங்கிய 'கோரல்' என்ற ஈயச் சுவர்க் கூடத்தில், டன்னுக்கு 155 கிகாவாட் நாள் வரை எரிந்த கார்பைடு எரிபொருளைப் பிரித்துக் காட்டியது உலக அளவில் பெருமைப்படத்தக்க வேலை. அந்த அனுபவத்தின் மேல் எழுந்த செயல்விளக்க ஆலை 2024 ஜனவரி 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அப்படியிருக்க உருகிய உப்பு எதற்கு? ஈர முறைக்குச் சில எல்லைகள் இருக்கின்றன. கரைப்பான் ஒரு கரிமப் பொருள், கடுங்கதிர்வீச்சில் சிதையும். எனவே எரிபொருளைப் பல ஆண்டுகள் தொட்டியில் ஆற வைத்தபின்தான் கரைக்கலாம். தண்ணீர் நியூட்ரான்களை மட்டுப்படுத்துவதால், புளூட்டோனியம் மிகுந்த கரைசல் ஓரிடத்தில் அளவுமீறிச் சேர்ந்தால் தொடர்வினை மூளும் ஆபத்து உண்டு. பாத்திரங்களை ஒல்லியாகவும் சிறியதாகவும் செய்ய வேண்டியிருக்கிறது. சில ஈனுலைகள் எரிக்கும் உலோக எரிபொருளோ, வெப்பம் கடத்துவதற்காக உறைக்குள் சோடியம் நிரப்பியது. சோடியமும் தண்ணீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உருகிய குளோரைடு உப்பைக் கதிர்வீச்சு சிதைப்பதில்லை. அதில் தண்ணீரும் இல்லை.

பைரோ முறை என்று இத்துறையினர் சுருக்கமாகச் சொல்லும் அந்த வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். லித்தியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால் சுமார் 350 டிகிரியிலேயே உருகிவிடும். அந்த உப்பை 500 டிகிரியில் எஃகுக் கலத்தில் வைத்து, சிறிது யுரேனியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். துண்டாக்கிய எரிபொருள் ஒரு துளைக்கூடையில் நேர்மின்வாயாக இறங்குகிறது. சுற்றிலும் ஆர்கான் வாயு. ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் புகுந்தால் உப்பு கெட்டுவிடும்.

சீசியம், ஸ்ட்ரான்சியம், சோடியம், அருமண் உலோகங்கள், புளூட்டோனியம் ஆகியவை குளோரினை யுரேனியத்தைவிட வலுவாகப் பற்றுபவை. அவை யுரேனியம் குளோரைடிலிருந்து குளோரினைப் பறித்துக்கொண்டு உப்பில் கரைந்துவிடும். மாலிப்டினம், ருத்தேனியம், பல்லேடியம் போன்ற மந்தமான உலோகங்கள் கரைய மறுத்து உறையோடு கூடையிலேயே தங்கும். இடைப்பட்ட யுரேனியம் கூடையில் கரைந்து, எதிரே நிற்கும் எஃகுத் தண்டில் போய்ப் படியும். நூலில் கற்கண்டு வளர்வதைப்போல் அந்தத் தண்டைச் சுற்றி யுரேனியம் கிளைகிளையாகப் படிகம் கட்டும். யுரேனியத்துக்கும் புளூட்டோனியத்துக்கும் படியும் மின்னழுத்தத்தில் கிட்டத்தட்ட 0.3 வோல்ட் இடைவெளி இருப்பதால், உப்பில் புளூட்டோனியம் குறைவாக உள்ளவரை எஃகுத் தண்டில் யுரேனியம் மட்டும் வரும்.

புளூட்டோனியம் உப்பில் போதுமான அளவு சேர்ந்ததும், எஃகுத் தண்டை எடுத்துவிட்டு உருகிய காட்மியம் நிறைந்த கிண்ணத்தை எதிர்மின்வாயாக வைக்கிறார்கள். புளூட்டோனியம் காட்மியத்தோடு சேர்மம் உண்டாக்குவதால் அந்த 0.3 வோல்ட் இடைவெளி சுருங்கிவிடுகிறது. யுரேனியம், புளூட்டோனியம், நெப்டூனியம், அமெரிசியம், கியூரியம் எல்லாம் ஒன்றாக அதில் வந்து விழுகின்றன. கூடவே கொஞ்சம் அருமண் உலோகமும் வரும். பின்பு வெற்றிடத்தில் சூடேற்றிக் காட்மியத்தையும் ஒட்டிய உப்பையும் ஆவியாக்கிப் பிரித்து, மிஞ்சிய உலோகத்தைச் சிர்கோனியத்தோடு உருக்கிப் புதிய எரிபொருள் கம்பியாக வார்க்கலாம். இப்படிக் கலந்து வருவதை சாதாரண நீர் உலைக்காரர் ஏற்கமாட்டார். ஈனுலையின் வேக நியூட்ரான்களுக்கு அந்த அழுக்கு பெரிய தடையில்லை. இந்த முறையின் முழு நியாயமும் இங்கேதான் இருக்கிறது. ஈனுலையும் உலோக எரிபொருளும் உருகிய உப்பும் ஒரே குடும்பம். ஒன்றைத் தனியே பிரித்து இன்னொரு இடத்தில் பொருத்தினால் நியாயம் பாதியாகக் குறைந்துவிடும்.

இக்குடும்பத்தை உருவாக்கியது அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம். ஐடஹோ பாலைவனத்தில் அது நடத்திய ஈ.பி.ஆர்.-2 என்ற ஈனுலையின் எரிபொருள் 1964 முதல் 1969 வரை பக்கத்துக் கட்டடத்திலேயே உருக்கி வார்த்துத் திரும்ப உலைக்குள் போனது. அந்த உருக்கு முறையால் மந்த உலோகங்களை நீக்க முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே 1980-களில் சார்லஸ் டில், யூன் சாங் ஆகியோர் தலைமையில், மேலே விவரித்த மின்தூய்மிப்பு வளர்ந்தது. 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் திட்டத்தை நிறுத்தியது, உலையும் மூடப்பட்டது. மிஞ்சிய சோடியம் பிணைந்த எரிபொருளை அப்படியே புதைக்க முடியாது என்பதால், அதைப் பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றும் முறையாக மின்தூய்மிப்பு உயிர்பிழைத்தது. 1996-ல் செயல்விளக்கம் தொடங்கியது. 2000-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு, இந்த எரிபொருளுக்கு இதைப் பயன்படுத்தத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஈ.பி.ஆர்.-2-இன் எரிபொருள் மொத்தம் சுமார் 26 டன். விஞ்ஞானி எட்வின் லைமன் 2017-ல் அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கி வெளியிட்ட கணக்கில், இருபது ஆண்டு வேலைக்குப் பிறகும் அதில் கால் பங்குகூட முடிந்திருக்கவில்லை. கல்பாக்கத்தின் ஈர ஆலை ஓராண்டில் பதப்படுத்தக் கட்டப்பட்ட அளவு 100 டன் என்பதோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். இதற்காக ஐடஹோ விஞ்ஞானிகளின் திறமையைக் குறைசொல்ல முடியாது. மின்தூய்மிப்பு தொகுதி தொகுதியாக நடப்பது. ஒரு கூடை முடிந்து அடுத்த கூடை. படிகத்தைச் சுரண்டி எடுப்பது, காட்மியத்தை வடிப்பது, எல்லாமே தடித்த கண்ணாடிக்கு வெளியே நின்று இயந்திரக் கைகளால் செய்வது. ஒரு கருவி பழுதானால் மாதக்கணக்கில் வேலை நிற்கும்.

ரஷ்யர்கள் வேறு பாதையில் போனார்கள். திமித்ரோவ்கிராதில் ஆக்சைடு எரிபொருளைக் குளோரின் வாயு கொண்டு உப்பில் கரைத்து, எதிர்மின்வாயில் ஆக்சைடாகவே படியவைத்து, அந்தத் துகளைக் குழாயில் அதிர்வு கொடுத்து அடைத்து, போர்-60 உலையில் எரித்தார்கள். தென்கொரியா இந்த முறையில் பெரும் உழைப்பைக் கொட்டியது. அங்கே எரிபொருள் ஆக்சைடு என்பதால், அதை முதலில் லித்தியம் குளோரைடு உப்பில் மின்சாரத்தால் உலோகமாக ஒடுக்கி, பிறகு மின்தூய்மிக்க வேண்டும். ஆக்சைடை உப்பிலிட்டு நேராக உலோகமாக்கலாம் என்று 2000-ல் கேம்பிரிட்ஜில் டைட்டானியத்துக்குக் காட்டிய வழி இதற்குப் புது ஊக்கம் கொடுத்தது. அமெரிக்காவோடு உள்ள ஒப்பந்தம் கொரியாவின் கையைக் கட்டியிருப்பதால், அவர்களுடைய பொறியியல் அளவுக் கூடத்தில் ஓடுவது தேய்ந்த யுரேனியம்தான்.

கல்பாக்கத்துக்கு வருவோம். 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது. அதன் ஆக்சைடு எரிபொருள், எரித்ததைவிடச் சற்றே அதிகமான புளூட்டோனியத்தைத்தான் ஈனும். அந்த வேகத்தில் ஓர் உலையிலிருந்து இரண்டாவது உலைக்கு எரிபொருள் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். உலோக எரிபொருளில் ஈனும் விகிதம் கணிசமாக உயரும். அதைக் குறுகிய காலத்தில் பிரித்துத் திரும்ப உலைக்குள் வைத்தால்தான் அந்த உயர்வுக்குப் பொருள் உண்டு. எனவே அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் பைரோ முறையைக் கையிலெடுத்தது. ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிகளில் யுரேனியம், யுரேனியம்–சிர்கோனியம் கலவை ஆகியவற்றின் மின்தூய்மிப்பு, ஆக்சைடை உப்பில் உலோகமாக்குவது, 500 டிகிரி குளோரைடு அரிக்காத பூச்சுகளும் கிராஃபைட் வகைகளும் என்று அங்கிருந்து வந்த ஆய்வுக் கட்டுரைகளின் வரிசை நீளமானது. உலோக எரிபொருள் கம்பிகளும் எஃப்.பி.டி.ஆருக்குள் வைத்து எரித்துப் பார்க்கப்பட்டன.

இனி மிச்சத்துக்கு வருவோம். பைரோ முறையை ஆதரிப்போர் அடிக்கடி சொல்வது: அமெரிசியம், கியூரியம் உட்பட யுரேனிய வரிசைக் கனத் தனிமங்களான ஆக்டினைடுகள் எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிட்டால், கழிவின் நச்சு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பதிலாகச் சில நூறு ஆண்டுகளில் இயற்கை யுரேனியத்தின் மட்டத்துக்கு இறங்கும். கணக்காக இது சரி. சீசியம்-137-க்கும் ஸ்ட்ரான்சியம்-90-க்கும் அரைவாழ்வு 30 ஆண்டு அளவில்தான். புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டு. ஆனால் அந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆக்டினைடில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பிலும் கூடையிலும் தங்கிவிடக் கூடாது. சுற்றுகள் கூடக்கூட இழப்பும் கூடும். டெக்னீசியம்-99 இரண்டு லட்சம் ஆண்டு அரைவாழ்வோடு கூடை உலோகத்திலும், அயோடின்-129 ஒன்றரைக் கோடி ஆண்டு அரைவாழ்வோடு உப்பிலும் இருக்கத்தான் செய்யும். நிலத்தடியில் தண்ணீரோடு எளிதில் நகர்பவை அவை.

உப்பே ஒரு தனித் தொல்லை. ஈர முறையின் கழிவை நாம் போரோசிலிகேட் கண்ணாடியில் உறைய வைக்கிறோம். குளோரைடு அந்தக் கண்ணாடியில் கரையாது. அமெரிக்கர்கள் உப்பை ஜியோலைட் என்ற கனிமத்தில் உறிஞ்சவைத்து, கண்ணாடித் தூளோடு சுட்டு ஒருவகைப் பீங்கானாக்கினார்கள். அந்தப் பீங்கானின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட உப்பு இருக்காது என்பதால் கழிவு பெருத்துவிடுகிறது. கல்பாக்கத்து ஆய்வாளர்கள் இரும்பு பாஸ்பேட் கண்ணாடி, மோனசைட் வகைப் பாஸ்பேட் பீங்கான் ஆகியவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். இது நல்ல திசை. மணவாளக்குறிச்சி மணலில் தோரியத்தையும் யுரேனியத்தையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடல் அலைக்கும் மழைக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கும் கனிமம் மோனசைட். பைரோ ஆய்வுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு இந்தக் கழிவு வடிவங்களுக்குப் போக வேண்டும் என்றே சொல்வேன். மின்தூய்மிப்பின் வேதியியல் ஏற்கெனவே தெளிந்த விஷயம். உப்பின் கதி இன்னும் தெளியவில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. புளூட்டோனியம் தூய்மையாக வெளிவராததால் இதிலிருந்து குண்டு செய்ய முடியாது என்பார்கள். 2009-ல் அமெரிக்காவின் தேசிய ஆய்வக நிபுணர்களே, ஓர் அரசு முனைந்தால் இந்த வேறுபாடு சிறு தடைதான் என்று மதிப்பிட்டுவிட்டார்கள். பொருட்கணக்கும் இங்கே கடினம். ஈர முறையில் எல்லாம் ஒரே தொட்டியில் சீராகக் கரைகிறது. ஒரு சொட்டை எடுத்து அளந்தால் முழுத் தொட்டிக்கும் கணக்குக் கிடைக்கும். உப்பு முறையில் துண்டுகளும் படிகங்களும் உப்பும் காட்மியமும் தனித்தனி. நம் ஈனுலைகள் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு வெளியே இருப்பதால், அந்தக் கணக்கைச் சரியாக வைத்து நாட்டு மக்களுக்குக் காட்டும் கடமை முழுவதும் நம்முடையது. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் பதப்படுத்தும் ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளானது, மாதங்கள் கழித்தே வெளியே தெரிந்தது. அது ஈர முறை ஆலை. உலர் முறைக்கு மாறினாலும் அந்த மௌனம் மாறாவிட்டால் பயனில்லை.

என் மதிப்பீடு இது. கனநீர் உலைகளின் எரிபொருளுக்கு உருகிய உப்பு தேவையில்லை. ஈர முறை போதும். முன்மாதிரி ஈனுலையின் ஆக்சைடுக்காக 2013-ல் 9,600 கோடி ரூபாய் ஒதுக்கிக் கல்பாக்கத்தில் எழும் எரிபொருள் சுழற்சி வளாகமும் ஈர முறையில்தான் அமைகிறது, அதுவும் சரியே. உலோக எரிபொருள் ஈனுலை என்று ஒன்று வருமானால் அதற்கு மட்டும் பைரோ முறை வேண்டும். அந்த உலைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன், எஃப்.பி.டி.ஆரில் எரிந்த உலோகக் கம்பிகளைப் பிரித்து, மீண்டும் வார்த்து, அதே உலையில் எரித்து, அதன் உப்புக் கழிவைக் கடைசி வடிவத்தில் உறைய வைத்து முழுச் சுற்றையும் கல்பாக்கம் காட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனை கிராம் புளூட்டோனியம் போனது, எத்தனை கிராம் வந்தது, உப்பில் எத்தனை கிராம் தங்கியது என்ற நிறைக் கணக்கை நாடாளுமன்றத்தின் முன்னும், தமிழிலும் எழுதி மக்கள் முன்னும் வைக்க வேண்டும்.